கிறிஸ்தவ விசுவாசமும் கதை இலக்கியமும்

முன்னுரை

"கதை விடாதே!", "கதை அளக்காதே!", "இல்லாததும் பொல்லாததுமாகக் கதை கட்டிவிட்டார்கள்!" என்று நாம் நாள்தோறும் பேசுகிறோம். இவ்விடங்களில் எல்லாம் 'கதை' என்னும் சொல்லுக்குப் பொருள் 'பொய்' என்பதே. ஆனால், நல்லதொரு கதை கையில் கிடைத்துவிட்டால் உணவையும் உறக்கத்தையும் மறந்து உட்கார்ந்துவிடுகிறவர்களும் நாமேதான். பொய் என்று பழிக்கும் ஒன்றை நாம் ஏன் இவ்வளவு விரும்புகிறோம்?

கிறிஸ்தவர்களாகிய நமக்கு இக்கேள்வி இன்னும் சற்றுக் கூர்மையானது. நம் விசுவாசம் உண்மையின் மேல் நிற்கிறது. பொய்ச்சான்று கூறலாகாது என்பது பத்துக் கட்டளைகளுள் எட்டாவது. நாவலாசிரியரோ பிறக்காத மனிதர் பிறந்ததாகவும், நடக்காத நிகழ்ச்சி நடந்ததாகவும் பக்கம் பக்கமாக எழுதுகிறார். அவர் எழுதுவது பொய் எனில், அதனைப் படிப்பது பொய்க்குத் துணை போவதாகாதா? "வயது வந்த பெண்ணுக்குக் கதைப் புத்தகம் எதற்கு? செபப் புத்தகம் போதாதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதில் அடங்கியுள்ள கவலையும் இதுதான்.

இக்கவலையை எளிதாக ஒதுக்கிவிடலாகாது. கிறிஸ்தவ விசுவாசமும் கதை இலக்கியமும் சில காலம் நண்பர்களாகவும், சில காலம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்களாகவும் இருந்து வந்துள்ளன. அந்த வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்து, எத்தகைய கதை நம் விசுவாசத்துக்கு உரமாகும், எத்தகையது ஆகாது என்று அறிய ஓர் உரைகல்லைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசரைத் திருத்திய கதை

முதலில் விவிலியத்தைத் திறப்போம். தாவீது அரசர், தம் படைவீரர் உரியாவின் மனைவி மீது ஆசை கொண்டு, உரியா போர்முனையில் மடியும்படி சூழ்ச்சி செய்தார். நாடாளும் மன்னரிடம் சென்று, "நீர் செய்தது பாவம்" என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? இறைவாக்கினர் நாத்தான் வந்தார். அவர் அரசர் மீது குற்றம் சாட்டவில்லை. ஒரு கதை சொன்னார்.

ஓர் ஊரில் ஒரு செல்வன்; அவனுக்கு ஆடுமாடுகள் ஏராளம். அதே ஊரில் ஓர் ஏழை. அவனுக்கு இருந்ததோ ஒரே ஓர் ஆட்டுக்குட்டி. அதனைத் தன் மகளைப் போல் மடியில் வைத்து வளர்த்தான். செல்வன் வீட்டுக்கு விருந்தாளி வந்தபோது, தன் மந்தையில் கை வைக்க மனமின்றி, ஏழையின் குட்டியைப் பிடித்து விருந்து சமைத்தான். இதைக் கேட்ட தாவீது கொதித்தெழுந்தார். இக்கொடுமையைச் செய்தவன் சாகத்தக்கவன் என்று தீர்ப்பும் கூறிவிட்டார். அதன் பின்னரே நாத்தான், அந்தச் செல்வன் தாவீதே என்பதை வெளிப்படுத்தினார். மன்னர் தம் பாவத்தை அறிக்கையிட்டார்.

அந்தச் செல்வனோ, ஏழையோ, ஆட்டுக்குட்டியோ உலகில் எங்கும் இருந்ததில்லை. ஆயினும் அந்த இல்லாத ஆட்டுக்குட்டிதான், அரசர் தமக்குத்தாமே மறைத்து வைத்திருந்த உண்மையை வெளியே இழுத்து வந்தது. பொய்க்கும் கதைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காணலாம். பொய், கேட்பவரிடமிருந்து உண்மையை மறைப்பதற்காகச் சொல்லப்படுவது. நாத்தான் சொன்னது போன்ற கதையோ, கேட்பவர் காண மறுக்கும் உண்மையை அவருக்குக் காட்டுவதற்காகச் சொல்லப்படுவது.

நம் ஆண்டவராகிய இயேசுவும் இவ்வழியையே மேற்கொண்டார். லூக்கா நற்செய்தியில், சட்ட அறிஞர் ஒருவர் தமக்கு அடுத்திருப்பவர் யார் என்று கேட்கிறார். இயேசு அதற்கு இலக்கணம் கூறவில்லை. எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குச் சென்ற வழிப்போக்கன் ஒருவனின் கதையைச் சொன்னார். கள்வர் அவனை அடித்துக் குற்றுயிராக விட்டுச் சென்றனர். குருவும் லேவியரும் விலகிப் போயினர். யூதர்கள் வெறுத்த சமாரியர் இனத்தவன் ஒருவனே நின்று, காயங்களைக் கட்டி, சாவடியில் சேர்த்துக் காசும் கொடுத்தான். இம்மூவருள் யார் அடுத்திருப்பவன் என்று இயேசு திருப்பிக் கேட்டபோது, அந்த அறிஞருக்கு 'சமாரியன்' என்ற சொல்லை உச்சரிக்கவும் மனம் வரவில்லை. இரக்கம் காட்டியவனே என்று சுற்றி வளைத்துச் சொன்னார். ஆனாலும் உண்மை அவர் வாயாலேயே வந்துவிட்டது அன்றோ!

ஊதாரி மைந்தன் உவமையில் இன்னொரு சிறப்பு உண்டு. திரும்பி வந்த இளைய மகனுக்கு வீட்டில் விருந்து நடக்கிறது. மூத்த மகன் கோபித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறான். தந்தை வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறார். அத்துடன் கதை முடிந்துவிடுகிறது. மூத்தவன் உள்ளே போனானா, இல்லையா? இயேசு சொல்லவில்லை. அந்த முடிவை எழுத வேண்டியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தவர்களே. இந்த மூத்த மகனை நினைவில் வைத்துக்கொள்வோம். இக்கட்டுரையில் அவனை மீண்டும் சந்திக்கப்போகிறோம்.

புனிதர்களின் அச்சம்

ஆண்டவரே கதை சொல்லியிருக்க, திருச்சபையின் புனிதர்கள் சிலர் கதை நூல்களைக் கண்டு அஞ்சியது ஏன்? அவர்கள் கூறும் காரணங்கள் ஆழமானவை.

புனித அகுஸ்தீனார் (354–430) சிறுவராக இருந்தபோது, உரோமைப் பெருங்கவிஞர் வெர்ஜில் எழுதிய காப்பியத்தைப் பள்ளியில் கற்றார். அதில் காதலன் பிரிந்ததால் உயிரை மாய்த்துக்கொள்ளும் தீதோ என்னும் அரசிக்காக அவர் கண்ணீர் வடித்தார். பிற்காலத்தில் தம் வாழ்க்கையை எழுதியபோது இதனைக் கூறி வருந்துகிறார். இல்லாத ஓர் அரசியின் சாவுக்கு அழுத தாம், கடவுளை விட்டு விலகித் தம் ஆன்மா சாவதற்கு ஒரு துளியும் அழவில்லையே என்பது அவருடைய வேதனை. கதைக்காக அழுவது எளிது. அதில் நமக்குச் செலவு ஒன்றும் இல்லை. புத்தகத்தில் வரும் ஏழைச் சிறுமிக்காகத் தலையணை நனைய அழுதுவிட்டு, வாசலில் வந்து நிற்கும் ஏழைச் சிறுமியை விரட்டுகிறவர் இருக்கலாம். அகுஸ்தீனாரின் கேள்வி அத்தகையோரைக் குத்துகிறது.

அவிலா நகரப் புனித தெரேசாளின் (1515–1582) அனுபவம் நம் வயதுப் பெண்களுக்கு இன்னும் நெருக்கமானது. அவருடைய தாய்க்கு வீரர்களின் சாகசக் கதைகள் மிகவும் பிடிக்கும். தந்தைக்கோ அவை பிடிக்காது. தாயிடமிருந்து தெரேசாளுக்கும் அப்பழக்கம் ஒட்டிக்கொண்டது. தந்தைக்குத் தெரியாமல் இரவும் பகலும் அக்கதைகளைப் படித்தார். கையில் புதிய புத்தகம் இல்லாவிட்டால் மகிழ்ச்சியே இல்லை என்ற நிலை வந்தது. இதனால் தம் பக்தி தணிந்துபோனதாகவும், அலங்காரத்திலும் வீண் எண்ணங்களிலும் மனம் சென்றதாகவும் பின்னாளில் அவரே எழுதினார்.

ஆனால் அவர் வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் அறிய வேண்டும். 1559-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டில் தாய்மொழியில் இருந்த பல பக்தி நூல்கள் தடை செய்யப்பட்டபோது, அவற்றைப் படித்து இன்புற்று வந்த தெரேசாள் மிகவும் வருந்தினார். அப்போது ஆண்டவர், தாமே அவருக்கு உயிருள்ள ஒரு நூலைத் தருவதாக ஆறுதல் கூறியதை அவர் குறித்து வைத்துள்ளார். சாகசக் கதைகளால் தீமை விளைந்தது என்று சொன்ன அதே புனிதைதான், நூல்கள் பறிக்கப்பட்டபோது துயருற்றார். எனவே அவர் புத்தகங்களின் பகைவர் அல்லர். எதைப் படிப்பது என்று தேர்ந்தெடுக்கத் தெரியாமல் படித்ததையே அவர் குறை கூறினார். இந்தப் புனிதைக்கே 1970-ஆம் ஆண்டில், மறைவல்லுநர் என்னும் பட்டத்தைத் திருத்தந்தை ஆறாம் பவுல் வழங்கினார். திருச்சபையில் அப்பட்டத்தை முதன்முதலாகப் பெற்ற பெண் அவரே.

இஞ்ஞாசியாரின் உரைகல்

தேர்ந்தெடுப்பது எப்படி? இதற்கு வழி காட்டுகிறவர் புனித லொயோலா இஞ்ஞாசியார்.

1521-ஆம் ஆண்டில் பம்பலோனா கோட்டையைக் காக்கும் போரில், பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய கால் எலும்பு நொறுங்கியது. லொயோலா மாளிகையில் பல மாதங்கள் படுக்கையில் கிடந்தார். பொழுதுபோக்க, அக்காலத்து வீர சாகசக் கதைகளைக் கேட்டார். அந்த வீட்டில் அவை ஒன்றுகூட இல்லை! இருந்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும், புனிதர் வரலாறுகளும்தாம். வேறு வழியின்றி அவற்றைப் படித்தார்.

அந்த நாட்களில் அவர் மனத்தில் இரு வகைக் கனவுகள் எழுந்தன. ஒன்று, தாம் முன்பு படித்த கதைகளில் வருவதுபோல் உயர்குலப் பெருமாட்டி ஒருத்திக்காக வீரச் செயல்கள் புரிவது. மற்றொன்று, பிரான்சிஸ் அசிசியார், சாமிநாதர் ஆகியோரைப் போல் தாமும் கடவுளுக்காக அருஞ்செயல்கள் புரிவது. இரண்டுமே எண்ணும்போது இன்பம் தந்தன. ஆனால் முதல் வகைக் கனவு கலைந்தபின் உள்ளம் வறண்டு, வெறுமையாயிற்று. இரண்டாம் வகைக் கனவு முடிந்த பிறகும் மகிழ்ச்சி நிலைத்து நின்றது. இந்த வேறுபாட்டை அவர் ஒருநாள் உணர்ந்தார். அந்த உணர்விலிருந்தே ஆவிகளைத் தேர்ந்து தெளிதல் என்னும் அவருடைய போதனை முளைத்தது.

பொற்கொல்லர் பொன்னின் மாற்றை அறிய உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பர். கதைகளின் மாற்றை அறிய இஞ்ஞாசியார் தந்த உரைகல் இதுவே: படிக்கும்போது இனித்ததா என்று மட்டும் பார்க்காதே, புத்தகத்தை மூடிய பிறகு உன் உள்ளத்தில் எஞ்சி நிற்பது என்ன என்று பார். இந்த உரைகல்லில் ஒரு புகழ்பெற்ற நாவலை உரசிப் பார்ப்போம்.

தடை செய்யப்பட்ட நூலில் ஒரு தூய ஆயர்

பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோவின் பெரும் நாவல் 1862-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதனைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழைபடும் பாடு' என்று தமிழாக்கினார். அப்பெயரிலேயே 1950-ஆம் ஆண்டில் நாகையா நடித்த திரைப்படமும் வந்தது. அதில் கடுமையான போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமன், அந்தப் பாத்திரத்தின் பெயராலேயே பின்னர் 'ஜாவர்' சீதாராமன் என்று அழைக்கப்பட்டார்.

தன் சகோதரியின் பசித்த பிள்ளைகளுக்காக ஒரு ரொட்டியைத் திருடியவன் ஜீன் வால்ஜீன். அதற்கு ஐந்து ஆண்டுத் தண்டனை; தப்பியோட முயன்றதற்காக மேலும் மேலும் கூட்டி, மொத்தம் 19 ஆண்டுகள் சிறை. விடுதலையானபின் எந்தச் சத்திரமும் அவனுக்கு இடம் தரவில்லை. ஆயர் மிரியேலின் வீட்டுக் கதவு மட்டும் திறக்கிறது. ஆயர் அவனை மரியாதையாக அழைத்து, தம்முடன் உணவருந்தச் செய்து, படுக்கையும் தருகிறார். அவனோ நள்ளிரவில் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலர் அவனைப் பிடித்து வந்தபோது, அவற்றைத் தாமே கொடுத்ததாக ஆயர் கூறுகிறார். அத்துடன் நில்லாமல், வெள்ளி விளக்குத் தண்டுகள் இரண்டையும் கொடுத்திருந்தேனே, அவற்றை ஏன் விட்டுச் சென்றாய் என்று கேட்டு, அவற்றையும் எடுத்துக் கொடுக்கிறார்! காவலர் போன பிறகு, இனி நேர்மையாக வாழும்படி கூறி, அவனுடைய ஆன்மாவைத் தாம் கடவுளுக்காக விலைக்கு வாங்கிவிட்டதாகச் சொல்கிறார். இக்காட்சியை வைத்து எழுதப்பட்ட 'ஆயரின் விளக்குத் தண்டுகள்' என்னும் ஆங்கில ஓரங்க நாடகம், நம் நாட்டுப் பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்றதுண்டு.

இவ்வளவு அழகாக ஓர் ஆயரைச் சித்திரித்த இந்நாவல், 1864-ஆம் ஆண்டில் திருச்சபையின் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1959 வரை அப்பட்டியலில் இருந்தது. கேட்பதற்கு வியப்பாக இருக்கிறது அல்லவா? ஹியூகோ கடவுளை நம்பினார். ஆனால் திருச்சபையின் குருக்களையும் அதன் அரசியல் செல்வாக்கையும் கடுமையாகச் சாடியவர். அவருடைய ஆயர் மிரியேல், சாகக் கிடக்கும் பழைய புரட்சிக்காரர் ஒருவரைத் திருத்தச் சென்று, இறுதியில் அவர் முன் மண்டியிட்டு அவருடைய ஆசியைக் கேட்கிறார். பிரெஞ்சுப் புரட்சியில் குருக்கள் பட்ட துன்பங்களை மறவாத அக்காலத்து விசுவாசிகளுக்கு இத்தகைய காட்சி எப்படி இருந்திருக்கும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் நாவலின் உள்ளே என்ன நடக்கிறது? வால்ஜீன் உடனே புனிதனாகிவிடவில்லை. ஆயர் வீட்டை விட்டுப் புறப்பட்ட அன்றே, ஒரு சிறுவனின் வெள்ளி நாணயத்தைக் காலடியில் மிதித்துப் பறித்துக்கொள்கிறான். அதன் பின்னர்தான் தன் நிலையை உணர்ந்து, 19 ஆண்டுகளில் முதல் முறையாக அழுகிறான். அருள் ஒருவரிடம் நுழைந்தாலும் பழைய பழக்கம் உடனே விட்டுப் போவதில்லை என்பதை மறைக்காமல் எழுதியதனாலேயே நாம் அவனை நம்புகிறோம். பின்னர் அவன் பெயரை மாற்றிக்கொண்டு, தொழில் செய்து உயர்ந்து, ஒரு நகரின் தலைவராகவும் ஆகிறான். அவ்வேளையில், ஒன்றும் அறியாத ஒருவன் வால்ஜீன் என்று தவறாகப் பிடிபட்டு நீதிமன்றத்தில் நிற்கிறான். பேசாமல் இருந்தால் வால்ஜீனுக்கு வாழ்நாள் முழுதும் பாதுகாப்பு. இரவு முழுதும் போராடிவிட்டு, நீதிமன்றம் சென்று, தானே அந்தக் கைதி என்று கூறிவிடுகிறான். ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் கேட்டறிந்த மனத்துயர், பரிகாரம் என்னும் சொற்களுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

அவனைத் துரத்தும் அதிகாரி ஜாவர் தீயவர் அல்லர். கையூட்டு வாங்காதவர், கடமை தவறாதவர், சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதிப்பவர். ஆனால் இரக்கம் என்பது அவர் அறியாதது. அவரைக் கொல்ல வாய்ப்புக் கிடைத்தும் வால்ஜீன் உயிரோடு விட்டுவிட்டபோது, அந்த இரக்கத்தை அவரால் தாங்க முடியவில்லை. சேன் ஆற்றில் விழுந்து மாண்டுபோகிறார். இங்கேதான் நாம் முன்பு கண்ட மூத்த மகனை மீண்டும் சந்திக்கிறோம். அவனும் கட்டளை எதையும் மீறாதவன். ஆனால் தவறியவனுக்குக் காட்டப்படும் அன்பைப் பொறுக்க இயலாமல் வாசலில் நின்றவன். இயேசு எழுதாமல் விட்ட முடிவுக்கு ஹியூகோ எழுதிய ஒரு முடிவுதான் ஜாவரின் கதை எனலாம். உள்ளே போக மறுத்தால் என்ன ஆகும் என்பதை அது அச்சமூட்டும் வகையில் காட்டுகிறது.

புத்தகத்தை மூடிய பிறகு எஞ்சி நிற்பது எது? குற்றம் செய்தவரைக் காணும்போது ஆயரைப் போல் பார்க்கிறோமா, ஜாவரைப் போல் பார்க்கிறோமா என்னும் கேள்விதான். இஞ்ஞாசியாரின் உரைகல்லில் இப்பொன் மாற்றுக் குறையவில்லை. நூல்களைத் தடை செய்யும் பட்டியல் முறையையே 1966-ஆம் ஆண்டில் திருச்சபை கைவிட்டது. அதன் பொருள், இனி எதையும் கண்ணை மூடிக்கொண்டு படிக்கலாம் என்பதன்று. தெரிந்து தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது ஒவ்வொருவருடைய மனச்சான்றின் மீதும் வந்து சேர்ந்துள்ளது.

பாவத்தைப் பற்றி எழுதலாமா?

நல்ல கதையில் நல்லவர்கள் மட்டும் வந்தால் போதாதா, திருட்டும் கொலையும் ஏன் வரவேண்டும் என்று சிலர் கேட்பர். கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து கர்தினாலாக உயர்ந்து, 2019-ஆம் ஆண்டில் புனிதராக உயர்த்தப்பட்ட நியூமன் இதற்கு விடை கூறியுள்ளார். மனிதன் பாவி, அவனைப் பற்றிய இலக்கியத்தில் பாவமே வரக்கூடாது என்று கேட்பது முன்னுக்குப்பின் முரண் என்பது அவர் கருத்து. அவரே இரு நாவல்களையும் எழுதியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

விவிலியத்திலும் காயினின் கொலையும், தாவீதின் பாவமும், பேதுரு மறுதலித்ததும் மறைக்கப்படவில்லை. பாவத்தை எழுதுவது குற்றமன்று. பாவத்தைச் சர்க்கரை பூசிக் கொடுப்பதே குற்றம். நோயைப் பற்றி மருத்துவரும் பேசுகிறார். நோயைப் பரப்புகிறவனும் பேசுகிறான். இருவர் பேச்சும் ஒன்றாகுமா?

தமிழ் மண்ணில்

விசுவாசமும் கதையும் கைகோத்ததற்கு நம் தமிழ் மொழியிலேயே சிறந்த சான்றுகள் உள்ளன. தமிழ் உரைநடைக் கதையின் தொடக்கத்தில் நிற்கும் இருவரும் கத்தோலிக்கர்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

இத்தாலி நாட்டில் 1680-ஆம் ஆண்டில் பிறந்து, இயேசு சபைக் குருவாகத் தமிழகம் வந்தவர் வீரமாமுனிவர். புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு 3,615 பாடல்களில் 'தேம்பாவணி' என்னும் காப்பியத்தை இயற்றிய அதே கைதான், 'பரமார்த்த குருவின் கதை'யையும் எழுதியது. ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்துப் பார்க்கும் சீடர்களையும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கி வருவதையும் படித்துச் சிரிக்காதவர் உண்டோ! குருவானவர் ஒருவரே, அறிவில்லாத குருவையும் சீடர்களையும் வைத்து நகைச்சுவை எழுதினார். மெய்யான விசுவாசம் சிரிப்புக்கு அஞ்சுவதில்லை என்பதற்கு இதுவே சான்று. இந்நூல் 1822-ஆம் ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் அச்சாயிற்று.

அடுத்தவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889). திருச்சிராப்பள்ளிக்கு அருகே உள்ள குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1879-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். ஒரு கத்தோலிக்கர் எழுதிய இந்நாவலின் கதைத் தலைவனும் தலைவியும் கிறிஸ்தவர்கள் அல்லர்! மதமாற்றப் பிரசாரத்தையும் அதில் காண இயலாது. ஆனால் வாய்மை, நேர்மை, ஏழைக்கு இரங்கல் ஆகிய நற்பண்புகள் பக்கந்தோறும் மணக்கின்றன. தலைவி ஞானாம்பாள் கணவனைவிடக் கூர்மையான அறிவுடையவள். ஆண் வேடம் பூண்டு, ஒரு நாட்டின் ஆட்சிப் பொறுப்பையே ஏற்று நீதி வழங்குகிறாள். மக்களுக்குப் புரியாத ஆங்கிலத்தில் நீதிமன்றங்களில் வாதாடுவதையும் இந்நாவல் கண்டிக்கிறது.

பெண்கள் பள்ளி செல்வதே அரிதாக இருந்த காலத்தில், பெண்களுக்காக 1869-ஆம் ஆண்டில் 'பெண்மதி மாலை' எழுதியவர் இவர். அதே நம்பிக்கையே கதை வடிவில் ஞானாம்பாளாகப் பிறந்தது. இன்று கையில் புத்தகத்துடன் அமர்ந்திருக்கும் நாம் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவர்கள் என்றால் அது மிகையாகாது. புளிப்பு மாவு அப்பத்துக்குள் கலந்தபின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் மாவு முழுவதையும் உப்பச் செய்கிறது. வேதநாயகம் பிள்ளையின் நாவலில் விசுவாசம் அவ்வாறே கலந்திருக்கிறது.

திருத்தந்தையின் கடிதம்

அண்மைக் காலத்தில், 2024-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் இலக்கிய வாசிப்பைப் பற்றியே ஒரு கடிதம் எழுதினார். குருக்களாகப் பயிற்சி பெறுவோரை மனத்திற்கொண்டு தொடங்கிய அக்கடிதம், கிறிஸ்தவர் அனைவருக்கும் பொருந்தும் என்று அவரே குறிப்பிட்டார். 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் மறைந்த அவர், 1964–65-ஆம் ஆண்டுகளில் அர்ஜென்டினாவில் இயேசு சபைப் பள்ளி ஒன்றில் இலக்கிய ஆசிரியராகப் பணிபுரிந்தவர். பாடத்திட்டத்தில் இருந்த பழைய காப்பியத்தைப் படிக்க மாணவர்களுக்கு விருப்பமில்லை. புதிய கவிஞர்களைக் கேட்டனர். அவர் கோபிக்கவில்லை. காப்பியத்தை வீட்டில் படித்துவிட்டு வரச் சொல்லி, அவர்கள் விரும்பிய ஆசிரியர்களைப் பற்றி வகுப்பில் பேசினார். இந்நிகழ்ச்சியையும் அக்கடிதத்தில் நினைவுகூர்கிறார்.

கதை படிக்கும்போது நாம் மற்றொருவரின் குரலைக் கேட்கிறோம். மற்றவரின் கண்களால் உலகைக் காண்கிறோம். இதனால் பிறரைத் தீர்ப்பிடுவதற்கு முன் புரிந்துகொள்ளும் மனம் விரிகிறது என்பது அவருடைய கருத்தின் சாரம். எண்ணிப் பார்த்தால், கடவுளின் மகன் மனிதராகப் பிறந்து, நம் பசியையும் களைப்பையும் கண்ணீரையும் தாமே அடைந்து பார்த்ததும் இத்தகைய அன்பினாலன்றோ! பிறர் இடத்தில் நின்று பார்க்கக் கற்பதில், நாமும் மிகச் சிறிய அளவில் அவரைப் பின்செல்கிறோம்.

முடிவுரை

கதை பொய்யா என்னும் கேள்விக்கு நாத்தானின் ஆட்டுக்குட்டி விடை கூறிவிட்டது. எல்லாக் கதையும் நல்லதா என்னும் கேள்விக்குத் தெரேசாளும் இஞ்ஞாசியாரும் விடை கூறினர். அகுஸ்தீனாரின் கேள்வி மட்டும் இன்னும் மீதி இருக்கிறது. அதற்குப் புத்தகத்தால் விடை கூற இயலாது. படிப்பவர்தான் கூற வேண்டும். நல்ல சமாரியன் கதையை முடித்தபோது இயேசு அந்த அறிஞரைப் பாராட்டி அனுப்பவில்லை. அவரையும் போய் அப்படியே செய்யச் சொன்னார். கண்ணில் வந்த நீர் கைக்கும் காலுக்கும் இறங்க வேண்டும். அப்போதுதான் கதைக்காக அழுதது வீண் போகாது.

அன்புத் தோழியரே! ஒரு கதையைப் படித்து முடித்ததும் மூன்று கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம். இதனைப் படித்தபின் என் உள்ளம் நிறைந்திருக்கிறதா, வறண்டிருக்கிறதா? நான் இதுவரை வெறுத்த அல்லது கவனியாத யாரையேனும் இக்கதை எனக்கு அடுத்திருப்பவராக்கியதா? இதில் வரும் தவறு என்னிடமும் உள்ளதா? இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை சொல்ல முடிந்தால், செபப் புத்தகத்துக்கு அருகிலேயே அக்கதைப் புத்தகத்தையும் அச்சமின்றி வைக்கலாம்.

மூத்த மகன் இன்னும் வாசலில்தான் நிற்கிறான். உள்ளே விருந்து நடக்கிறது. கதையின் கடைசி வரியை எழுதும் எழுதுகோல் நம் கையில் இருக்கிறது. இரக்கத்தின் பக்கம் நின்று அதனை எழுதுவோமாக!